2024 அட்லாண்டிக் புயல் பருவம்: கணிப்பும் நடந்ததும்

2024 ஆகஸ்ட் மாதத்தின் பின்பாதியில் அட்லாண்டிக் கடல் திடீரென்று அடங்கிப்போனது. எர்னஸ்டோ என்ற புயலுக்கு ஆகஸ்ட் 12 அன்று பெயர் வைத்தார்கள். அதற்கடுத்த பெயரான பிரான்சீன் செப்டம்பர் 9 அன்றுதான் தேவைப்பட்டது. ஆண்டிலேயே புயல்கள் அதிகம் பிறக்க வேண்டிய வாரங்கள் அவை. பருவத்தின் உச்சம் என்று வானிலையாளர்கள் குறித்து வைத்திருக்கும் நாள் செப்டம்பர் 10. அந்த வாரங்களில் ஒரு புதிய புயல்கூடப் பிறக்காமல் போனது 1968-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. கடல் நீரோ வழக்கத்தைவிடச் சூடாகவே இருந்தது.

ஏப்ரல், மே மாதங்களில் வந்த கணிப்புகள் எல்லாமே இது மிகத் தீவிரமான பருவம் என்று அடித்துச் சொல்லியிருந்தன. அதனால் கடல் அடங்கியதும் வாக்குவாதம் சூடு பிடித்தது. கணிப்பு பொய்த்துவிட்டது என்று ஒரு தரப்பு பேசத் தொடங்கியது. அதோடு நிற்காமல், கணிப்பே பொய் என்றால் புவி வெப்பமாவதால் புயல்கள் வலுக்கின்றன என்பதும் பொய்தானே என்று அடுத்த படிக்குத் தாவியது. மறுதரப்பு பொறுத்திருந்து பாருங்கள் என்றது. செப்டம்பர் இறுதியில் ஹெலீன் என்ற பெரும்புயல் அமெரிக்காவைத் தாக்கியதும் அதையே தன் வாதத்துக்கு நிரூபணமாக எடுத்துக்கொண்டது. இரண்டு தரப்பும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுந்தன என்று நினைக்கிறேன். ஒரு பருவத்தில் எத்தனை புயல் என்பது ஒரு கேள்வி. பல பத்தாண்டுகளில் புயல்கள் வலுவடைகின்றனவா என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதல் கேள்வியின் விடையை வைத்து இரண்டாவதைத் தீர்த்துவிட முடியாது. 2024 பருவத்தை முழுதாக எடுத்து வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

கணிப்பில் என்ன இருந்தது

பருவம் தொடங்கும் முன்பே புயல்களின் எண்ணிக்கையைச் சொல்லும் பழக்கத்தை 1984-ல் ஆரம்பித்தவர் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கிரே. இன்று அந்தக் குழுவை நடத்துபவர் ஃபில் க்ளாட்ஸ்பாக். 2024 ஏப்ரலில் அவர்கள் சொன்ன எண்கள் இவை: பெயர் பெறும் புயல்கள் 23, அவற்றில் ஹரிகேன்கள் 11, அவற்றிலும் பெரும் ஹரிகேன்கள் 5. வலுத்த புயலைத்தான் ஹரிகேன் என்கிறார்கள். காற்று வேகத்தை வைத்து அதை கேட்டகரி 1 முதல் 5 வரை பிரிப்பார்கள்; 3-உம் அதற்கு மேலும் பெரும் ஹரிகேன். ஏப்ரல் மாதத்தில் அந்தக் குழு அதுவரை இவ்வளவு பெரிய எண்ணைச் சொன்னதில்லை. மே மாதம் அமெரிக்க அரசின் பெருங்கடல், வளிமண்டல அமைப்பான நோவா 17 முதல் 25 புயல்கள், 8 முதல் 13 ஹரிகேன்கள், 4 முதல் 7 பெரும் ஹரிகேன்கள் என்றது. அதுவும் அவர்களின் மே கணிப்புகளில் மிக அதிகம். பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு ஒன்று 33 புயல்கள் வரை போனது. 1991 முதல் 2020 வரையிலான சராசரி 14 புயல், 7 ஹரிகேன், 3 பெரும் ஹரிகேன் என்பதோடு ஒப்பிட்டால் இவை எவ்வளவு பெரிய எண்கள் என்பது தெரியும்.

இப்படிச் சொன்னதற்குக் காரணங்கள் இரண்டு. வெப்பமண்டல அட்லாண்டிக் 2023 முதலே சாதனை அளவில் சூடேறிக் கிடந்தது. புயலுக்கு எரிபொருள் அந்தச் சூடுதான். இரண்டாவது, பசிபிக்கின் நடுக்கோட்டுப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ முடிந்து, அது குளிரும் லா நினா பருவத்தின் உச்சத்துக்குள் வந்துவிடும் என்று கணினி மாதிரிகள் காட்டின. எல் நினோ காலத்தில் அட்லாண்டிக்கின் மேலே விண்ட் ஷியர் அதிகமாகும். அதாவது கீழ்மட்டக் காற்றும் மேல்மட்டக் காற்றும் வெவ்வேறு வேகத்தில், வெவ்வேறு திசையில் வீசி, வளரும் புயலின் தலையைக் கிழித்துவிடும். லா நினா காலத்தில் அந்தத் தொல்லை குறையும். சூடான கடலும் லா நினாவும் சேர்ந்து வந்தால் எண்ணிக்கை கூடும் என்பது பழைய பருவங்களிலிருந்து கற்ற பாடம்.

முதல் அடி கணிப்பை மெய்ப்பிப்பதுபோல் விழுந்தது. ஜூன் 28 அன்று உருவான பெரில், ஜூன் 30-க்குள் கேட்டகரி 4 ஆனது. ஜூலை 1 அன்று மணிக்கு 240 கி.மீ. காற்றோடு கிரெனடா நாட்டின் கரியாகு தீவைக் கடந்தது. தீவின் கட்டடங்களில் பெரும்பகுதி சேதமானது. மறுநாள் அது கேட்டகரி 5. அவ்வளவு சீக்கிரத்தில் அட்லாண்டிக்கில் எந்தப் புயலும் அந்த நிலைக்குப் போனதில்லை. அதற்கு முன் அந்த இடத்தில் இருந்த 2005-இன் எமிலி ஜூலை நடுவில்தான் கேட்டகரி 5 ஆனது. ஒரு வாரம் கழித்து பெரில் வெறும் கேட்டகரி 1 ஆக டெக்சாஸ் கரையைக் கடந்தபோது ஹூஸ்டன் பகுதியில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. கடும் வெயில் காலம் வேறு.

அடங்கிய வாரங்கள்

அப்புறம்தான் அந்த மௌனம். க்ளாட்ஸ்பாக் குழு செப்டம்பர் தொடக்கத்திலேயே அதைப் பற்றி வெளிப்படையாக ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் கணிப்பு தடுமாறும்போது காரணத்தைப் பொதுவெளியில் தேடும் அந்தப் பழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

அட்லாண்டிக் ஹரிகேன்களில் வலுவானவை பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கடலுக்குள் நகரும் காற்றலைகளிலிருந்து முளைப்பவை. அந்த ஆண்டு ஆப்பிரிக்கப் பருவமழைப் பட்டை வழக்கத்தைவிட வெகுவாக வடக்கே ஏறிவிட்டது. அலைகள் சகாரா பக்கமாக வெளியேறி, வறண்ட காற்றை விழுங்கி, குளிர்ந்த நீர்மேல் வந்து நின்றன. மேல் வளிமண்டலம் வழக்கத்துக்கு மாறாகச் சூடாக இருந்தது இன்னொரு காரணம். கடல் மட்டும் சூடாக இருந்தால் போதாது. மேலே குளிர்ச்சியும் வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மேகத்தை மேலே இழுக்கிறது. இரண்டும் ஒன்றாகச் சூடானால் இழுப்பு குறைந்துவிடும். கிழக்கு அட்லாண்டிக்கில் விண்ட் ஷியரும் இருந்தது. லா நினாவும் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. குளிர்காலத்தில்தான் பலவீனமாகத் தலைகாட்டியது.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இவற்றில் எதையும் ஏப்ரலில் உட்கார்ந்து சொல்லியிருக்க முடியாது. பருவமழைப் பட்டை எந்த வாரத்தில் எவ்வளவு வடக்கே போகும் என்பது வாரக் கணக்கில் தெரியும் சங்கதி, மாதக் கணக்கில் தெரியாது. பருவக் கணிப்பின் எல்லை அங்கேதான் இருக்கிறது.

செப்டம்பர் 25-க்குப் பிறகு எல்லாம் தலைகீழாக மாறியது. அந்த நாள் தொடங்கி ஏழு ஹரிகேன்கள் உருவாயின. அந்தக் காலகட்டத்துக்கு அது சாதனை. பருவம் முடிந்து எண்ணிப் பார்த்தால் புயல்கள் 18, ஹரிகேன்கள் 11, பெரும் ஹரிகேன்கள் 5.

கணிப்புக்கு என்ன மதிப்பெண்

நோவா சொன்ன மூன்று வரம்புகளுக்குள்ளும் மூன்று எண்களும் விழுந்தன. கொலராடோ குழுவுக்குப் பெயர் பெற்ற புயல்களில் ஐந்து தவறியது. ஹரிகேன் கணக்கும் பெரும் ஹரிகேன் கணக்கும் ஏப்ரலில் சொன்னது சொன்னபடி. 33 என்று சொன்ன பென்சில்வேனியா குழு 27 முதல் 39 வரை என்று வரம்பு வைத்திருந்தது; 18 அதற்குள் வரவே இல்லை.

இதை வெற்றி என்று கொண்டாடத் தயங்குகிறேன். 17 முதல் 25 வரை என்பது அகலமான வலை. அதைவிட முக்கியம், புயல்களின் வலுவையும் ஆயுளையும் சேர்த்து அளக்கும் திரட்டிய ஆற்றல் கணக்கு. கொலராடோ குழு ஏப்ரலில் 210 என்று சொன்னது, வந்தது சுமார் 162. சராசரி 123 என்பதால் பருவம் தீவிரமானதுதான். ஆனால் சொன்ன அளவுக்கு இல்லை. எண்ணிக்கை சரியாக வந்ததால் அந்த இடைவெளி யார் கண்ணிலும் படவில்லை.

இன்னொரு பக்கம், ஒவ்வோர் ஆண்டும் கண்ணை மூடிக்கொண்டு சராசரியையே சொல்லும் ஒருவரோடு ஒப்பிட வேண்டும். 14, 7, 3 என்று சொல்லியிருந்தால் 2024-ல் எல்லாமே குறைவாகப் போயிருக்கும். அந்த வகையில் கணிப்பு தன் வேலையைச் செய்தது. எல்லா ஆண்டும் அப்படிச் செய்வதில்லை. 2013-ல் நோவா 7 முதல் 11 ஹரிகேன்கள் என்றது. வந்தவை இரண்டே இரண்டு, பெரும் ஹரிகேன் ஒன்றுமில்லை. 2005-ல் 12 முதல் 15 புயல்கள் என்றார்கள், 28 வந்தன. ஏப்ரல் கணிப்பின் திறன் குறைவு, ஆகஸ்ட் கணிப்பு ஓரளவு நம்பலாம் என்பது இந்தத் துறையில் இருப்பவர்களே ஒப்புக்கொள்வது.

சரி, எண்ணிக்கை துல்லியமாகவே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதனால் யாருக்கு என்ன பயன்? காப்பீட்டு நிறுவனங்களுக்கும் மறுகாப்பீட்டுச் சந்தைக்கும் இருக்கலாம். கரையில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு மிகக் குறைவு. 1992 அமைதியான பருவம், அதன் முதல் பெயர் ஆண்ட்ரூ. ஆகஸ்ட் 24 அன்று அது கேட்டகரி 5 ஆக ஃபுளோரிடாவின் ஹோம்ஸ்டெட் பகுதியைத் தரைமட்டமாக்கியது. 2010-ல் 12 ஹரிகேன்கள் வந்தும் ஒன்றுகூட அமெரிக்கக் கரையை ஹரிகேனாகக் கடக்கவில்லை. பருவக் கணிப்பில் இடம் என்ற விவரமே கிடையாது. உயிரும் சேதமும் இடத்தைப் பொறுத்தவை.

ஹெலீன்: மலையில் நடந்தது

பருவக் கணிப்பு சொல்லாத அந்த இடம் 2024-ல் எதுவாக அமைந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 26 இரவு ஹெலீன் ஃபுளோரிடாவின் பெர்ரி அருகே கேட்டகரி 4 ஆக, மணிக்கு 225 கி.மீ. காற்றோடு கரையைக் கடந்தது. கீட்டன் பீச் பக்கம் கடல் 4.5 மீட்டருக்கு மேல் ஊருக்குள் ஏறியது. கரையோர ஊர்கள் ஓரளவு எதிர்பார்த்ததுதான் இது. கரையிலிருந்து பல நூறு கி.மீ. உள்ளே, வட கரோலினாவின் ஆஷ்வில் மலைப் பகுதியில் வேறொன்று தயாராகிக்கொண்டிருந்தது. ஹெலீன் வருவதற்கு முன்பே, சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் சந்தித்து நகராமல் நின்ற ஓர் எல்லையில் அங்கே மழை கொட்டத் தொடங்கியிருந்தது. மண் ஊறிப்போயிருந்தது. அதன்மேல் ஹெலீன் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து அள்ளி வந்த ஈரம் புளூ ரிட்ஜ் மலைச்சரிவில் மோதி மேலேறியது. ஆஷ்வில் விமான நிலையத்தில் மூன்று நாளில் சுமார் 35 செ.மீ., மலைமேல் பியூசிக் என்ற இடத்தில் சுமார் 78 செ.மீ. மழை. பிரெஞ்ச் பிராட் ஆறு ஆஷ்வில்லில் 24.67 அடிக்கு உயர்ந்தது. அதற்கு முன் இருந்த சாதனை 1916 வெள்ளத்தின் 23.1 அடி. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிலச்சரிவுகளைப் பின்னால் வரைபடத்தில் குறித்தார்கள்.

ஆஷ்வில்லின் குடிநீர்க் கதையைச் சொல்லாமல் விட முடியாது. நார்த் ஃபோர்க் நீர்த்தேக்கத்திலிருந்து நகரத்துக்கு வரும் பெருங்குழாய்களை வெள்ளம் அடித்துப்போனது. 2004-ல் இரண்டு ஹரிகேன்களின் மிச்சங்கள் அடுத்தடுத்து வந்து அதே குழாய்களை உடைத்திருந்தன. அந்தப் பாடத்துக்குப் பிறகு மாற்று ஏற்பாடாக ஆழமாகப் புதைத்து வைத்த குழாய் ஒன்று இருந்தது, அதுவும் போய்விட்டது. வீடுகளில் கொதிக்க வைக்காமல் தண்ணீர் குடிக்கலாம் என்ற அறிவிப்பு நவம்பர் 18 அன்று வந்தது. 53 நாள். 2004-ஐ மனத்தில் வைத்துக் கட்டியதற்கு 2024 அடங்கவில்லை.

ஹெலீன் சுமார் 250 உயிர்களைப் பறித்தது. 2005-இன் கத்ரீனாவுக்குப் பிறகு அமெரிக்கப் பெருநிலத்தில் இவ்வளவு பேரைக் கொன்ற ஹரிகேன் வேறில்லை. இத்தனைக்கும் குறுகிய காலக் கணிப்பு அருமையாக இருந்தது. மியாமியில் உள்ள தேசிய ஹரிகேன் மையம், அது புயலாக உருவாகும் முன்பே பெரும் ஹரிகேனாக வரும் என்று எழுதிவிட்டது. மலைப் பகுதிக்கான உள்ளூர் வானிலை அலுவலகம், நவீன காலத்தில் அங்கே நடந்த மிகப் பெரிய வானிலை நிகழ்வுகளில் ஒன்றாக இது அமையும் என்று முந்தைய நாளே எச்சரித்தது. சொன்னது சென்று சேரவில்லை. மலையில் இருப்பவர் தன்னை ஹரிகேனுக்கு உரியவராக நினைப்பதில்லை; கேட்டகரி எண்ணும் அவரிடம் எதையும் சொல்லவில்லை. அந்த எண் காற்றின் வேகத்தை மட்டுமே அளக்கிறது, தண்ணீரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. 2013 முதல் 2022 வரை அமெரிக்காவில் வெப்பமண்டலப் புயல்கள் நேரடியாகக் கொன்றவர்களில் 57 சதவீதம் பேரை மழைவெள்ளம் கொண்டுபோனது என்று தேசிய ஹரிகேன் மையமே கணக்கிட்டிருக்கிறது. இருந்தும் தொலைக்காட்சித் திரையில் பெரிய எழுத்தில் வருவது கேட்டகரிதான். இது மாற வேண்டும் என்று உரக்கவே சொல்வேன்.

மில்டன்

இரண்டு வாரத்துக்குள் மில்டன் வந்தது. அக்டோபர் 6 காலைக்கும் 7 காலைக்கும் இடையே அதன் காற்று வேகம் மணிக்கு சுமார் 145 கி.மீ. கூடியது. உச்சத்தில் 290 கி.மீ., மைய அழுத்தம் 895 மில்லிபார். மைய அழுத்தம் குறையக் குறையப் புயல் வலுக்கும். மியாமியின் மூத்த வானிலையாளர் ஜான் மொராலஸ், பத்து மணி நேரத்தில் அழுத்தம் 50 மில்லிபார் சரிந்ததை நேரலையில் சொல்லும்போது குரல் உடைந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தொடர்ந்தார். எத்தனையோ ஹரிகேன்களைப் பார்த்த ஒருவரை அந்த எண் உலுக்கியது என்றால், எண்ணைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். மில்டன் கரையை நெருங்கும்போது விண்ட் ஷியர் அதைக் கொஞ்சம் தளர்த்தியது. சியெஸ்டா கீ அருகே கேட்டகரி 3 ஆகக் கடந்தது. ஹெலீன் உடைத்துப்போட்ட கட்டில், மெத்தை, சுவர்ப் பலகைகள் அந்தத் தெருவோரங்களில் இன்னும் குவிந்து கிடந்தன.

அப்படியானால் புயல்கள் வலுக்கின்றனவா

இந்த விவாதம் சூடான ஆண்டு 2005. எம்ஐடியின் கெர்ரி இமானுவேல், முப்பது ஆண்டுகளில் புயல்களின் மொத்த அழிவாற்றல் கடல் வெப்பத்தோடு சேர்ந்து ஏறியிருக்கிறது என்று ஆகஸ்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். அந்த மாத இறுதியில் கத்ரீனா. செப்டம்பரில் பீட்டர் வெப்ஸ்டர் குழு, 1970-க்குப் பிறகு உலகளவில் கேட்டகரி 4, 5 புயல்களின் பங்கு கிட்டத்தட்ட இரட்டிப்பானது என்றது. இதை ஏற்காதவர்களில் முதன்மையானவர் வில்லியம் கிரே, பருவக் கணிப்பின் அதே தந்தை. கடல் நீரோட்டங்களின் இயற்கையான ஏற்ற இறக்கமே காரணம் என்று 2016-ல் இறக்கும் வரை அவர் வாதிட்டார். ஹரிகேன் ஆய்வாளர் கிறிஸ் லேண்ட்ஸீ எழுப்பிய ஆட்சேபணை இன்னும் கூர்மையானது: பழைய பதிவுகளை நம்ப முடியாது.

அந்த ஆட்சேபணையில் நியாயம் இருக்கிறது. விமானம் புயலுக்குள் போய் அளப்பது 1940-களில்தான் தொடங்கியது. செயற்கைக்கோள் வருவதற்கு முன், நடுக்கடலில் பிறந்து நடுக்கடலிலேயே கரைந்த புயலை ஏதாவது கப்பல் எதிர்ப்பட்டால்தான் யாருக்கும் தெரியும். இரண்டு நாள்கூட நீடிக்காத குட்டிப் புயல்களை இன்று பெயர் வைத்து எண்ணுகிறோம். அன்று அவை கணக்கிலேயே இல்லை. பிரின்ஸ்டனின் கேப்ரியல் வெக்கி குழு 2021-ல் இந்த விடுபடல்களை ஈடுகட்டிப் பார்த்தது. 19-ஆம் நூற்றாண்டு முதல் அட்லாண்டிக் ஹரிகேன்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்பதற்கு ஆதாரம் மிஞ்சவில்லை. 1970, 80-களில் ஒரு பள்ளமும் அதன்பின் ஒரு மீட்சியும்தான் தெரிந்தன. அந்தப் பள்ளத்தில் தொழிற்சாலைப் புகைக்கும் பங்கு உண்டு என்று பலர் கருதுகிறார்கள். புகைத்துகள்கள் வெயிலை மறைத்துக் கடலைக் குளிர வைத்தன, காற்றைச் சுத்தப்படுத்தும் சட்டங்கள் வந்தபின் அந்தக் குளிர்ச்சி விலகியது என்பது அவர்கள் விளக்கம். ஆகவே 1980-லிருந்து கோடு போட்டு மேலே ஏறுகிறது என்று காட்டுபவரிடம், ஏன் அங்கிருந்து தொடங்குகிறீர்கள் என்று கேட்பது சரியான கேள்வி.

ஆனால் அந்தக் கேள்வி எண்ணிக்கையைப் பற்றியது. வலிமையைப் பற்றிய ஆதாரம் வேறு பாதையில் வருகிறது. ஜேம்ஸ் காசின் குழு 2020-ல் செய்த வேலை எனக்குப் பிடித்தது. புதிய செயற்கைக்கோள் படங்கள் பழையவற்றைவிடத் தெளிவானவை என்பதுதானே சிக்கல்? அதனால் புதிய படங்களை வேண்டுமென்றே மங்கலாக்கி, எல்லா ஆண்டுகளையும் ஒரே தரத்துக்குக் கொண்டுவந்து, ஒரே கணினி முறையால் வலிமையை மதிப்பிட்டார்கள். 1979 முதல் 2017 வரை, ஒரு புயல் பெரும் ஹரிகேன் வலிமையில் இருப்பதற்கான வாய்ப்பு உலகளவில் பத்தாண்டுக்குச் சுமார் 8 சதவீதம் கூடியிருந்தது. லேண்ட்ஸீ வகை ஆட்சேபணைக்கு அதன் தளத்திலேயே நின்று கொடுத்த பதில் இது. காலநிலை மாற்றம் குறித்த ஐ.நா. குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கையும், கடந்த நான்கு பத்தாண்டுகளில் கேட்டகரி 3 முதல் 5 வரையிலானவற்றின் பங்கு கூடியிருக்கக்கூடும் என்றும், எண்ணிக்கையின் நீண்டகாலப் போக்கில் நம்பிக்கை குறைவு என்றும் பிரித்துத்தான் எழுதியது. 2023-ல் வந்த இன்னோர் ஆய்வு, அட்லாண்டிக்கில் கேட்டகரி 1 அல்லது அதற்கும் கீழிருந்து 24 மணி நேரத்தில் பெரும் ஹரிகேனாகத் தாவும் வாய்ப்பு, 1971–1990 காலத்தைவிட 2001–2020 காலத்தில் இரு மடங்குக்கும் மேல் என்று காட்டியது. மில்டன் செய்தது அந்தத் தாவலைத்தான்.

இந்த வலுவடைதல் ஏன் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புவி 2 டிகிரி சூடானால் புயல் காற்று சராசரியாக 5 சதவீதம் அளவில் கூடும் என்பது டாம் நட்சனும் சக ஆய்வாளர்களும் தொகுத்த மதிப்பீடு. 225 கி.மீ. வேகத்தில் 5 சதவீதம் என்றால் 11 கி.மீ. ஒரு பருவத்துக்கும் அடுத்த பருவத்துக்கும் இருக்கும் இயற்கையான ஆட்டத்தில் இது காணாமல் போய்விடும். சேதம் காற்று வேகத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஏறுவதால், அந்த 11 கி.மீ. கூரைகளுக்குச் சின்ன விஷயம் அல்ல. மழைக்கணக்கு இன்னும் உறுதியானது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். இது அடிப்படை இயற்பியல், இரு தரப்பும் மறுக்காதது. அதே தொகுப்பு 2 டிகிரிக்குப் புயல் மழை 14 சதவீதம் அளவில் கூடும் என்கிறது. ஹெலீன் பற்றிய ஒரு விரைவு ஆய்வு, வெப்பமாதலால் மழை சுமார் 10 சதவீதமும் காற்று சுமார் 11 சதவீதமும் கூடின என்றது. மழை எண்ணை நான் அதிகம் நம்புகிறேன். காற்று எண்ணுக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

1916-லும் அதே ஆற்றில் வெள்ளம் வந்ததே என்பார்கள். வந்தது. அன்றும் வெப்பமண்டலப் புயல்களின் மழை அதே மலையில்தான் கொட்டியது. அந்த மலையும் அந்தக் கடலும் இருக்கும் வரை அப்படிப்பட்ட வெள்ளம் வரத்தான் செய்யும். கூடுதல் ஈரம் அந்த வெள்ளத்தின் மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றி வைக்கிறது. ஒரு வீட்டின் முதல் தளம் தப்பியதா மூழ்கியதா என்பது பல நேரம் அந்தக் கொஞ்சத்தில் இருக்கிறது.

2025 பருவம் இந்த இரண்டு கேள்விகளையும் இன்னும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. புயல்கள் 13, சராசரிக்கும் கீழே. ஹரிகேன்கள் ஐந்து மட்டும். ஆனால் அந்த ஐந்தில் நான்கு பெரும் ஹரிகேன்கள். எரின், ஹம்பர்ட்டோ, மெலிசா மூன்றும் கேட்டகரி 5. ஒரே பருவத்தில் அதைவிட அதிகம் வந்தது 2005-ல் மட்டும். அமெரிக்கக் கரையை ஒரு ஹரிகேனும் கடக்காததால் அங்கே பலர் அதை அமைதியான ஆண்டாகவே நினைவில் வைத்திருப்பார்கள். அக்டோபர் 28 அன்று மணிக்கு 295 கி.மீ. காற்றோடு மெலிசா கரையேறிய ஜமைக்காவில் யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள். ஒற்றைப் பருவத்தை வைத்து நீண்டகாலப் போக்கை நிறுவ முடியாது என்பது இதற்கும் பொருந்தும். ஆனால் புயல் எண்ணிக்கையைப் பார்த்து ஆண்டை எடைபோடுபவர் எதைத் தவறவிடுவார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

விவாதத்தின் அடுத்த கட்டம் பதிவுகளைப் பொறுத்தது. பழைய பதிவுகளில் ஓட்டை இருந்ததால்தான் இருபது ஆண்டுகள் சண்டை நீண்டது. உலகின் மிகப் பெரிய வானிலைத் தரவுக் காப்பகங்களில் ஒன்றான நோவாவின் சுற்றுச்சூழல் தகவல் மையம் ஆஷ்வில்லில்தான் இருக்கிறது. ஹெலீன் அதையே முடக்கிப்போட்டது. அது வெள்ளத்தின் வேலை, மீண்டு வந்தார்கள். 2025 மே மாதம் அதே மையம், நூறு கோடி டாலருக்கு மேல் சேதம் விளைவித்த பேரிடர்களின் பட்டியலைப் புதுப்பிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. ஜூன் மாதம், புயலின் மேகக்கூரையைத் துளைத்து உள்ளே கண் எப்படி உருவாகிறது என்று இரவிலும் காட்டும் ராணுவச் செயற்கைக்கோள்களின் மைக்ரோவேவ் தரவை நிறுத்தப்போவதாக இன்னோர் அறிவிப்பு வந்தது. ஆய்வாளர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்த பிறகு, நிறுத்த வேண்டிய நாளுக்குச் சற்று முன் அந்த முடிவு கைவிடப்பட்டது; 2026 செப்டம்பர் வரை தரவு தொடரும் என்றார்கள். மில்டன் போல ஒரே இரவில் தாவும் புயலை முன்கூட்டிக் கண்டுபிடிக்க அந்தத் தரவு வேண்டும். அப்படித் தாவும் புயல்கள் உண்மையிலேயே பெருகுகின்றனவா என்று 2040-ல் ஒருவர் கேட்டால், அவருக்குப் பதில் சொல்லவும் அது வேண்டும்.